குறு நோவா நிறமாலை வாய்மொழித் தேர்வு: முதலில் லைமன் ஆல்பாவின் அடியைப் பாருங்கள்

முனைவர் பட்டத் தகுதிக்கான வாய்மொழித் தேர்வின் முடிவு நேற்று மாலை வந்தது, தேறிவிட்டேன். அடுத்த பருவத்தில் அதே அறைக்குள் போகவிருப்பவர்களுக்காக, நினைவு பசுமையாக இருக்கும்போதே இதை எழுதிவைக்கிறேன். ஒரு குறு நோவாவின் தொலை புறஊதா நிறமாலையைப் பெயரை நீக்கித் திரையிட்டு, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. குறு நோவா என்பது ஓர் இரட்டை விண்மீன்: துணை விண்மீனிலிருந்து வரும் வாயு, வெள்ளைக் குள்ளன் என்னும் சிறிய, அடர்ந்த விண்மீனைச் சுற்றி வட்டாகச் சேர்ந்து, அவ்வப்போது சீறிப் பிரகாசிக்கும். பாடத்திட்டத்தில் அரைப் பக்கம்கூட இடம்பெறாத ஒன்றை வைத்து ஒருவரின் தகுதியை அளப்பது முறைதானா என்ற மனத்தாங்கல், தேறிய பின்னும் எனக்குத் தீரவில்லை.

திரையைக் கண்டதும் 1240 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் நைட்ரஜன், 1400-இல் சிலிக்கன், 1550-இல் கார்பன், 1640-இல் ஹீலியம் என்று கோடுகளை ஒப்பிக்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, 1216 ஆங்ஸ்ட்ராமில் உள்ள லைமன் ஆல்பா என்ற ஹைட்ரஜன் கோட்டுப் பள்ளத்தின் அடியை முதலில் பாருங்கள். அதன் நடுவே குத்திட்டு நிற்கும் கூரிய உமிழ்வு பெரும்பாலும் பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜன் தருவது. 1304-ஐ ஒட்டிய ஆக்சிஜன் உமிழ்வும் பெரும்பாலும் அத்தகையதே. இரண்டையும் மறைத்துவிட்டு, எஞ்சிய அடி சுழியைத் தொடுகிறதா என்று கேளுங்கள். அகன்ற பள்ளம் சுழியைத் தொட்டால், நாம் காண்பது ஏறக்குறைய வெள்ளைக் குள்ளனின் ஒளி மட்டுமே. அதன் அடர்ந்த வளிமண்டல அழுத்தம்தான் கோட்டை அவ்வளவு அகலப்படுத்துகிறது. தொடாமல் மேலே நின்றால், வட்டின் உட்பகுதியோ, வட்டும் விண்மீனும் உரசும் எல்லைப் படலமோ, வேறொரு மூலமும் ஒளி சேர்க்கிறது என்று ஐயுற வேண்டும். அந்தப் பங்கைக் கழிக்காமல் சொல்லும் வெப்பநிலை எண்ணுக்குப் பொருளே இல்லை. என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு பார்வைதான் என்பதால் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எனக்கு வந்தது, சீற்றங்களுக்கு இடைப்பட்ட அமைதிநிலையில் உள்ள யு ஜெமினோரம் என்ற குறு நோவாவினுடையதைப் போன்ற ஒரு நிறமாலை. வெள்ளைக் குள்ளனின் வெப்பநிலை ஏறக்குறைய 30,000 கெல்வின் என்றேன். "புறப்பரப்பு ஈர்ப்பை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று மூத்த தேர்வாளர் உடனே மடக்கினார். கேள்வி நியாயமானதுதான். வெப்பநிலை கூடினால் பள்ளம் குறுகும், ஈர்ப்பு கூடினால் அகலும். இரண்டையும் சேர்த்து உயர்த்தினால் பழைய வடிவமே கிடைத்துவிடும். இந்த முடிச்சை அவிழ்ப்பது தொலைவு. கணித்த மாதிரி நிறமாலையை அளந்த நிறமாலையோடு பொருத்தும் காரணி, விண்மீனின் ஆரத்தைத் தொலைவால் வகுத்து இருமடியாக்கியது. நிறை கூடிய வெள்ளைக் குள்ளன் உருவில் சிறியது என்பதால், தொலைவு தெரிந்தால் ஆரமும், ஆரம் தெரிந்தால் ஈர்ப்பும் கைக்கு வரும். யு ஜெமினோரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அளவிலான ஈர்ப்புச் செம்பெயர்ச்சி (வலிய ஈர்ப்பால் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்வது), சூரியனைவிடக் கூடிய நிறையைத் தனியே காட்டுகிறது.

தொலைவு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்.எஸ். சிக்னி என்ற குறு நோவாவைச் சொல்லுங்கள். 1999-இல் ஹபிள் தொலைநோக்கி தந்த தொலைவு 166 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு). 2013-இல் ரேடியோ அளவீடு 114 என்றது, கையா விண்கலமும் அதையே உறுதிசெய்தது. ஒளிர்வு பாதிக்கும் கீழே இறங்கியது. இவ்வளவு வாயு வந்து திரண்டால் வட்டு சீறாமல் நிலையாக ஒளிர வேண்டுமே, இது ஏன் சீறுகிறது என்ற குழப்பமும் அதோடு தீர்ந்தது.

கேட்கக்கூடிய மற்றவை:

- 1400-இல் அகன்ற பள்ளம் தெரிந்தால் உடனே சிலிக்கன் என்று சொல்லாதீர்கள். 20,000 கெல்வினுக்குக் கீழ் ஹைட்ரஜன் அணுவும் புரோட்டானும் மோதுவதும் அதைத் தரும், டபிள்யூ.இசட். சஜிட்டே என்ற குறு நோவாவைப் போல. இன்னும் குளிர்ந்தால் 1600-இலும் ஒன்று தோன்றும்.
- நைட்ரஜன் ஓங்கி, கார்பன் மங்கினால்: துணை விண்மீன் ஒருகாலத்தில் நிறை மிக்கதாக இருந்து, அதன் உட்பகுதி வெளிப்பட்டிருக்கலாம்.
- சீற்றத்தில் கார்பன் கோட்டின் நீலப் பக்கம் உட்கவரப்பட்டால் அது வட்டுக் காற்று.
- ஓ.ஒய். கரினே என்ற குறு நோவாவின் இரும்புத் திரை, அதாவது வட்டுக்கு மேலுள்ள வாயுவின் இரும்பு அயனிகள் வெள்ளைக் குள்ளனின் ஒளியை மறைப்பது. கட்டாயம் படியுங்கள்.

கணினிப் பொருத்தத்தைவிட, அச்சிட்ட தாளில் பென்சிலால் வரைவதையே நான் நம்பினேன். வேகமாகச் சிந்திப்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும், எனக்கு ஒத்துவந்தது. பயிற்சிக்கு வி.டபிள்யூ. ஹைட்ரி என்ற குறு நோவாவைவிட நல்லது இல்லை. அத்திசையில் விண்மீனிடை ஹைட்ரஜன் மிகச் சொற்பம் என்பதால் கோடுகள் கலங்குவதில்லை. 1978 முதல் 1996 வரை இயங்கிய ஐயூஇ என்ற புறஊதா விண்வெளித் தொலைநோக்கியின் காப்பகத்தில், சீற்றத்துக்குப் பின் வெள்ளைக் குள்ளன் ஆறிவருவதைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்க்கலாம்.

ஃபியூஸ் என்ற இன்னொரு புறஊதா விண்வெளித் தொலைநோக்கியின் நிறமாலையைத் திரையிட்டால் பதறாதீர்கள். அதன் எல்லை 905 முதல் 1187 ஆங்ஸ்ட்ராம் வரை. லைமன் ஆல்பா அதில் இராது. அங்கே 950-ஐ ஒட்டிய பகுதியைப் பாருங்கள். 20,000 கெல்வின் வெள்ளைக் குள்ளன் அங்கே கிட்டத்தட்ட இருண்டிருக்க வேண்டும். ஒளி மிச்சமிருந்தால், அது இதைவிடச் சூடான இன்னொரு மூலத்தினுடையது.