முதல் வகுப்புக்கு வராத சிறப்பாசிரியர்

தமிழ்நாட்டின் அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஓவியத்துக்கோ உடற்கல்விக்கோ தையலுக்கோ அங்கே ஒரு பகுதிநேரச் சிறப்பாசிரியர் இருந்தால், அவருடைய பாடவேளைகள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கே ஒதுக்கப்படுகின்றன. அதே வராந்தாவில் இரண்டு அறை தள்ளி இருக்கும் முதல் வகுப்புக்கு அவர் வருவதில்லை. அந்தப் பணிக்காக அவர் நியமிக்கப்படவும் இல்லை. பல ஆண்டுகளாக முதல் வகுப்பு ஆசிரியையாகப் பணியாற்றும் நான், இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். இசையிலும் ஓவியத்திலும் விளையாட்டிலும் முறையாகப் பயின்ற ஒருவருடைய கண்ணும் காதும் மிகவும் தேவைப்படுவது பதினொரு வயதில் அன்று, ஐந்து ஆறு வயதில்தான்.

இந்த வரிசைக்கு வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கலைக்கல்வி, உடல்நலமும் உடற்கல்வியும், தையல் போன்ற கைத்தொழில்களுக்கான பணிக்கல்வி ஆகிய மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. ஆனால் அதை ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு, அதிலும் நூறு குழந்தைகளுக்கு மேல் சேர்ந்திருக்கும் பள்ளிகளுக்கு மட்டுமே சொல்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அது பேசுவது தலைக்கணக்கு மட்டும்தான்: அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், தொண்ணூறு வரை மூவர் என்று கணக்கு ஏறிக்கொண்டு போகிறது. 2012இல் தமிழக அரசு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோதும் அந்த நியமனம் இந்தச் சட்ட வரம்புக்குள்ளேயே நின்றது. ஆகவே ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் தொடக்க வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியர் ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாவற்றையும் நடத்திப் பாட்டும் படமும் ஆட்டமும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

முதல் வகுப்பில் பாட்டும் படமும் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. செயல்வழிக் கற்றல் காலத்திலிருந்தே எங்கள் வகுப்பறைகளில் பாடலுக்கும் கைவேலைக்கும் இடம் உண்டு. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அந்த இடத்தை இன்னும் விரிவாக்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை அவரவர் நிலையில் வைத்துக் கற்பிக்கும் அந்த முறையால் எழுத்துக்குள் நுழைந்த குழந்தைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதன்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அங்கே பாட்டு எழுத்தைக் கற்பிக்கவும் படம் எண்ணைக் கற்பிக்கவும் துணையாக வருகின்றன. 'அ' வந்துவிட்டதா என்று கேட்கும் நாங்கள், அந்தப் பாட்டைக் குழந்தை எந்தச் சுருதியில் பாடியது என்று கேட்பதில்லை.

சுருதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆறு வயதுக் குழந்தையின் குரல்நாண்கள் குட்டையானவை. அதன் குரல் இயல்பிலேயே உயர்ந்த இடத்தில், ஐந்தாறு சுரங்களுக்குள் சுகமாக உலவுகிறது. நாள் முழுவதும் பேசிக் களைத்த ஆசிரியை தனக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் பாட்டை எடுத்துக்கொடுக்கும்போது, குழந்தைகளால் அங்கே இறங்க முடியாமல் ஒரு பகுதியினர் முணுமுணுக்கிறார்கள், மறு பகுதியினர் கத்துகிறார்கள். ஆண் ஆசிரியர் ஒரு ஸ்தாயி கீழே பாடும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. இசை பயின்றவர் முதலில் குழந்தைகளைப் பேசவிட்டும் கூப்பிடவிட்டும் அவர்களுடைய குரல் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற இடத்தில் பாட்டைத் தொடங்குவார். ஒரு சிறு தொடரைத் தாம் பாடி, குழந்தைகளைத் திருப்பிப் பாடவைத்து, சுரம் சேராத குழந்தையைத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். அந்த வயதில் சுரம் சேராதது பெரும்பாலும் பயிற்சியால் சரியாகிவிடும் ஒன்றுதான். ஆனால் 'உனக்குப் பாட வராது, நீ கை மட்டும் தட்டு' என்று முதல் வகுப்பில் கேட்ட சொல்லை நாற்பது வயதிலும் மனத்தில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பெற்றோர் கூட்டங்களில் வெட்கத்தோடு இதைச் சொன்ன தாய்மாரை எனக்குத் தெரியும்.

ஓவியத்தில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. இரண்டு மலை, அவற்றின் நடுவே பாதிச் சூரியன், கீழே வளைந்தோடும் ஆறு, கரையில் ஒரு குடிசையும் ஒரு தென்னையும் என்ற படத்தைத் தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவரும் வரைந்திருப்பார். மலையே கண்ணில் படாத இராமநாதபுரத்துச் சமவெளியில் வளரும் குழந்தையும் அதையேதான் வரைகிறது, கரும்பலகையில் அது வந்துவிட்ட காரணத்தால். அதே குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு விலகி நின்றால் கிடைப்பது வேறு: சுவருக்குள் அடுப்பும் பாட்டியும் தெரிகிற வீடு, வயிற்றுக்குள் குட்டி தெரிகிற ஆடு, பிடித்த மனிதர் பெரிதாகவும் பிடிக்காதவர் சிறிதாகவும் நிற்கும் குடும்பம். பொருள்கள் தாளில் மிதந்துகொண்டிருந்த நிலை மாறி, அடியில் தரைக்கோடு ஒன்று தோன்றுவதும் ஏறத்தாழ இந்த வயதில்தான். ஓவியக் கல்வி பயின்றவருக்கு இவையெல்லாம் வளர்ச்சியின் படிகள். பயிலாத கண்ணுக்கு இவை திருத்த வேண்டிய தவறுகள். ஆறாம் வகுப்பில் ஓவிய ஆசிரியர் வந்து சேரும்போது பெரும்பாலான குழந்தைகள் தாமாக வரைவதை நிறுத்திவிட்டிருக்கிறார்கள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பார்த்து வரையக் காத்திருக்கிறார்கள்.

கையின் கதையும் இதனோடு சேர்ந்தது. மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிற்றெலும்புகள் ஆறு வயதில் முழுமையாக எலும்பாகி முடிந்திருப்பதில்லை. களிமண் பிசைவது, தாளைக் கிழித்து ஒட்டுவது, தடித்த மெழுகு வண்ணக்கோலால் பெரிய தாளில் தோளிலிருந்து கையை வீசி வரைவது போன்ற வேலைகளால் வலுப்பெற வேண்டிய விரல்களில் நாம் மெல்லிய பென்சிலைக் கொடுத்து நான்கு கோட்டுக்குள் எழுதச் சொல்கிறோம். எழுத்து கோணுகிறது என்று என்னிடம் முறையிடும் பெற்றோரிடம், வீட்டில் பரோட்டா மாவையாவது பிசையக் கொடுங்கள் என்று நான் உண்மையான அக்கறையோடுதான் சொல்கிறேன்.

விளையாட்டுப் பாடவேளை பெரும்பாலும் வரிசையில் நிற்பதிலும், பிறகு மைதானத்தில் விட்டுவிடுவதிலும் கழிகிறது. விட்டுவிட்டால் நன்றாக ஓடத் தெரிந்த நான்கு பேரிடம் பந்து சிக்கிக்கொள்கிறது. வரும் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு மார்போடு அணைத்துப் பிடிக்கும் குழந்தைக்கும், வலக்கையால் எறியும்போது வலக்காலையே முன்வைக்கும் குழந்தைக்கும் படிப்படியான உதவி வேண்டும்: முதலில் பெரிய, மெதுவான பந்து, பிறகு சிறியது. பாண்டி ஆடும்போது ஒரு காலில் மட்டுமே நொண்டத் தெரிந்தவர்களை மறுகாலுக்கும் பழக்குவது உடற்கல்வி ஆசிரியருக்கு மிக எளிய வேலை.

சிங்கப்பூரில் இசையும் ஓவியமும் உடற்கல்வியும் தொடக்கநிலை ஒன்றிலிருந்தே பாட அட்டவணையில் இருக்கின்றன. தொடக்கக் கல்வியை ஆராய்ந்த குழு 2009இல் தந்த பரிந்துரைகளுக்குப் பிறகு, முதலிரண்டு வகுப்புகளில் விளையாட்டு, வெளிப்புறக் கற்றல், நிகழ்கலை, காட்சிக்கலை ஆகியவற்றுக்கென்று தனி நேரமும் ஒதுக்கப்பட்டது. 2011இல் கலைப்பாட ஆசிரியர்களின் பயிற்சிக்காகவே ஒரு நிறுவனம் அமைந்தது. அந்த நாட்டின் அளவும் வளமும் வேறு என்பதை அறிவேன். நான் கவனிக்கச் சொல்வது, அவர்கள் எந்த வயதிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதை மட்டுமே.

சிறு குழந்தைக்கு ஒரே முகம் வேண்டும், பல ஆசிரியர்கள் மாறி மாறி வந்தால் அது மிரளும் என்று சக ஆசிரியைகள் சொல்வது நியாயமான கவலை. முதல் பருவத்தில் அழுகையை அடக்கவே நாள் போய்விடும் வகுப்பு எங்களுடையது. அதனால்தான், சிறப்பாசிரியர் வரும் வேளையில் வகுப்பாசிரியர் அறையை விட்டுப் போகக் கூடாது என்பதை நான் முதல் நிபந்தனையாக வைப்பேன். குழந்தைக்குத் தெரிந்த முகம் அறையில் இருக்கும். அந்த ஆசிரியையும் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்வார். மற்ற நாள்களில் அதையே தொடர்வார்.

பள்ளிக்கொரு சிறப்பாசிரியர் என்பது முப்பது குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இசை ஆசிரியர், ஓர் ஓவிய ஆசிரியர், ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்று வைத்து, அவர்கள் மையத்தைச் சேர்ந்த தொடக்கப் பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்லலாம். சென்ற இடத்தில் முதல் இரண்டு வகுப்புகளுக்கே முதல் வேளையைத் தர வேண்டும். ஆசிரியர்களுக்கான மாதாந்தரக் கூட்டங்கள் ஏற்கெனவே அந்த மையங்களில்தான் கூடுகின்றன என்பதால் புதிய அமைப்பு எதையும் உருவாக்க வேண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, தொடக்கத்தில் ஐயாயிரம் ரூபாய், மே மாதத்துக்குச் சம்பளமே இல்லை என்ற 2012ஆம் ஆண்டு ஏற்பாட்டைப் போல ஒன்றை வைத்து இதைச் செய்ய முடியாது. ஊர் ஊராகப் போகிறவருக்கு முழுநேர ஊதியமும் பயணப்படியும் வேண்டும். சட்டத்தின் அட்டவணையை மத்திய அரசு ஓர் அறிவிக்கையின் மூலமே திருத்திக்கொள்ள அந்தச் சட்டமே இடம் தருகிறது. அதுவரை காத்திராமல் மாநில அரசு தன் நிதியில் ஒரு வட்டாரத்திலாவது, முதல் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்திலிருந்தே இதை நடத்திப் பார்க்கலாம்.