தீயணைப்பு வண்டி போன பிறகு

அடுக்குமாடி புளோக்கில் தீப்பிடித்த இரவில் கீழ்த்தளத்துக்கு வந்து நிற்காத அரசியல்வாதி சிங்கப்பூரில் அபூர்வம். எந்தக் கட்சியானாலும் வந்துவிடுவார்கள். அதனால் வந்தாரா இல்லையா என்பதை வைத்து ஒருவருடைய மனத்தை எடைபோட முடியாது. இருபதாம் நாள் அந்தக் குடும்பத்தின் காப்புறுதி விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா? ஒரு வேட்பாளருக்காகத் தொண்டூழியம் செய்ய முன்வருபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தொகுதி வேலையில் உழைத்தவர்கள் ஒருவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கத் துணிவது அந்த இருபதாம் நாளைப் பார்த்த பிறகுதான்.

முதல் ஒரு மணி நேரத்தில் வேட்பாளருக்கும் தொண்டூழியருக்கும் புளோக்குக்குள் வேலை இல்லை. அது தீயணைப்பையும் மீட்பையும் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படையின் இடம். போலிஸ் கட்டிய நாடாவுக்கு இப்பால் நிற்க வேண்டும், மின்தூக்கிப் பக்கம் போகக் கூடாது. நம் வேலை பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இரண்டு மடக்கு மேசை, பத்து நாற்காலி, நீளமான மின்கம்பி நீட்டிப்பு ஒன்று, மூன்று வகை கைப்பேசி மின்னேற்றக் கம்பிகள், தண்ணீர்ப் புட்டிகள், ஒரு பெட்டி நிறைய ரப்பர் செருப்பு. செருப்பு எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நம் வீடுகளில் காலணி வாசலுக்கு வெளியே அடுக்கில் இருக்கும். புகை சூழ்ந்த நடைவழியில் அதைத் தேடி எடுக்க யாரும் நிற்பதில்லை. வெறுங்காலோடு இறங்கி வருபவர்கள், தீயணைப்பு நீர் வழிந்தோடும் தரையில், உடைந்த கண்ணாடிக்கு நடுவே நிற்பார்கள்.

பதிவேடு மாடிவாரியாக இருக்க வேண்டும், ஒரு மாடிக்கு ஒரு தாள். வீட்டு எண், எத்தனை பேர், இன்னும் கீழே வராதவர் யார், எந்த மருந்து உள்ளே மாட்டிக்கொண்டது, இன்று இரவு எங்கே தங்கல், தொலைபேசி எண். இவ்வளவு போதும். எல்லாரையும் ஒரே பட்டியலில் வந்த வரிசைப்படி எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பன்னிரண்டாம் மாடியில் யாரைக் காணோம் என்று அதிகாரி கேட்கும்போது நான்கு பக்கம் புரட்ட வேண்டியிருக்கும். ‘கீழே வராதவர்’ என்ற கட்டத்தில் ஒரு பெயர் விழுந்தால் அந்த நொடியே சம்பவ இடத்துத் தளபதியிடம் சொல்லியாக வேண்டும். அதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தி வைப்பது நல்லது.

மருந்துக் கட்டத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்சுலின் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும், மின்சாரம் போய்விட்டது. இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் முதியவருக்குத் தெரியாது, ‘வெள்ளை, சின்னது, காலையில ஒன்னு’ என்பார். எந்தப் பலதுறை மருந்தகத்தில் வாங்குகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் காலையில் அங்கே மறுபடி பெற்றுத் தரலாம். மூக்குக் கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி ஆகியவற்றை முதியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். நம் தமிழ்ப் பெரியவர்களிடம் ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: ‘பரவால்ல தம்பி, ஒன்னும் வேணாம்.’ கை நீட்டி வாங்குவதில் உள்ள கூச்சம் அது. அதை நம்பிப் படிவத்தில் ‘தேவை இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகும் இளைஞர்கள் உண்டு. ‘அம்மா, இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பீங்க? மகன் வீடு எங்க இருக்கு? அங்க இடம் இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்வியில் உண்மை வெளியே வரும். மகனுடைய மூவறை வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர் இருப்பார்கள். இந்த மூன்றாவது கேள்வி வரைக்கும் உட்கார்ந்து பேசும் பொறுமை வேட்பாளருக்கு இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். பேச்சு மேடையில் தெரியாதது அங்கே தெரிந்துவிடும்.

விடிந்ததும் பெரிய தவறு ஒன்று நடக்கும், அதுவும் நல்லெண்ணத்தால். கையுறை மாட்டிக்கொண்டு இருபது பேர் மேலே ஏறி, கருகிய சோபா, உருகிய தொலைக்காட்சி, நனைந்த மெத்தை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் குப்பைக்கு இறக்கிவிடுவார்கள். குடும்பம் அழுதுகொண்டே நன்றி சொல்லும். இரண்டு வாரம் கழித்துக் காப்புறுதி மதிப்பீட்டாளர் வந்து, சேதமடைந்த பொருள் எங்கே என்று கேட்பார். ஆகவே விசாரணை முடிந்து உள்ளே போக அனுமதி கிடைத்தபின், எதையும் தொடுமுன் படம் எடுக்க வேண்டும். ஓர் அறைக்கு நான்கு மூலையிலிருந்து நான்கு படம், ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் தனிப் படம், மாடல் எண் தெரிந்தால் அதற்கும் ஒன்று. கீழ்வீட்டையும் விட்டுவிடக் கூடாது. தீ அங்கே போயிருக்காது, ஆனால் தீயை அணைத்த தண்ணீர் கூரைவழியாக இறங்கி அலமாரி, மரத்தரை எல்லாவற்றையும் உப்பவைத்திருக்கும். அந்தக் குடும்பத்தின் பெயர் செய்தியில் வராது, உதவிப் பட்டியலிலும் பல நேரம் வராது.

காப்புறுதி பற்றிய குழப்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கடன் உள்ளவர்கள் கட்டாயமாக எடுக்கும் தீக்காப்புறுதி கட்டட அமைப்பையும் வீவக முதலில் பொருத்திக் கொடுத்தவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர மட்டுமே. அறைகலன், துணிமணி, நகை, நாம் செலவழித்துச் செய்த புதுப்பிப்பு வேலை ஆகியவற்றுக்கு அதில் ஒரு காசும் வராது. அவற்றுக்குத் தனியாக வீட்டு உடைமைக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். கடனை அடைத்து முடித்தவர்களுக்குக் கட்டாயக் காப்புறுதியும் இல்லை. அதாவது, முப்பது ஆண்டு உழைத்துக் கடனை அடைத்த முதியவர்களே பல நேரம் எந்தக் காப்புறுதியும் இல்லாமல் இருப்பவர்கள். இதை அறியாத வேட்பாளர் கேமராவுக்கு முன்னால் ‘எல்லாம் காப்புறுதி பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வாக்கியம் அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது இடி.

யார் எதற்குப் பொறுப்பு என்பதிலும் இதே தெளிவு வேண்டும். பொது நடைவழி, மின்தூக்கி, படிக்கட்டு நகர மன்றத்தின் பொறுப்பு. கட்டட அமைப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது வீவக பொறியாளர். வீட்டுக்குள் மின்சாரம் திரும்ப வருமுன் உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்தாக வேண்டும். கையில் பணமில்லாதவருக்குச் சமூக சேவை அலுவலகம், மனம் உடைந்தவருக்குக் குடும்பச் சேவை நிலையம். இவை எல்லாம் ஒரே தாளில், பெரிய எழுத்தில், தமிழிலும் இருக்க வேண்டும்.

பிறகு கடிதம். 1955இல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த, தொகுதி மக்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் குறைகளைச் சொல்லும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி இன்றும் வாரந்தோறும் கீழ்த்தளங்களில் நடக்கிறது. வரிசை எண், விவரம் கேட்கும் தொண்டூழியர், கடிதம் எழுதுபவர், கடைசியில் உறுப்பினரின் கையெழுத்து. உறுப்பினர் உத்தரவிட முடியாது, வேண்டுகோள்தான் விடுக்க முடியும் என்பதால் கடிதத்தின் தரமே பலனைத் தீர்மானிக்கிறது. ‘இவர் ஏழை, கருணை காட்டவும்’ என்று எழுதினால் அதற்கேற்ற பொதுப்பதில் வரும். ஓர் அமைப்புக்கு ஒரு கடிதம், ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். முன்பு என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, அதன்பின் என்ன மாறியது, இப்போது துல்லியமாக என்ன வேண்டும். தீயில் வீடிழந்தவர் எரிந்த வீட்டுக்குத் தவணையும் தங்கியிருக்கும் அறைக்கு வாடகையும் கட்டிக்கொண்டிருப்பார். எனவே கடன் தவணையைச் சில மாதம் தள்ளிவைக்கக் கேட்கும் கடிதம்தான் முதலில் போக வேண்டும். பராமரிப்புக் கட்டணப் பாக்கி அதற்குப் பிறகு. நீதிமன்ற வழக்கில் தலையிடக் கேட்டு எழுதுவது கூடவே கூடாது.

இந்த நாட்டில் பேரிடரும் அரசியலும் பழைய உறவினர்கள். 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ ஏறக்குறைய 16,000 பேரின் வீட்டை எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு அடுக்குமாடி வீடு கட்டிக் கொடுத்த வேகத்தில்தான், அதற்கு முந்தைய ஆண்டு பிறந்த வீவக மீது மக்களுக்கு நம்பிக்கை வந்தது. 1986 மார்ச் 15இல் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் சரிந்தது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போகும் இளைய தொண்டூழியர்களுக்கு அந்த இடத்தைக் காட்ட வேண்டும். மீட்புப் பணி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதைவிட முக்கியம் முன்பே யாராவது கணக்கைச் சரிபார்த்திருப்பது.

அந்தச் சரிபார்ப்பு வீடு வீடாகப் போகும்போதே நடக்கலாம். மேல்மாடிக்கு மின்தூக்கியில் ஏறி, ஒவ்வொரு மாடியாக நடந்து இறங்குவது வழக்கம். கையில் துண்டுப்பிரசுரத்தோடு 1.2 மீட்டர் நீள நாடா ஒன்றும் இருக்கட்டும். பொது நடைவழியில் தடையில்லாமல் இருக்க வேண்டிய அகலம் அது. செருப்பு அடுக்கு, பூந்தொட்டி, சைக்கிள் எல்லாம் சேர்ந்து 80 செண்டிமீட்டராகக் குறுகிய இடத்தில் தூக்குப்படுக்கையைத் திருப்ப முடியாது. வாசலில் நின்று மிரட்ட வேண்டாம், நாடாவை விரித்துக் காட்டினாலே போதும், பாதிப் பேர் அன்றே தொட்டியை நகர்த்துவார்கள். கூடவே படிக்கட்டருகே உள்ள உலர் நீர்க்குழாயின் பெட்டியையும் பார்க்க வேண்டும். சாதாரண நேரத்தில் அதில் தண்ணீர் இருக்காது. தீயணைப்பாளர் கீழிருந்து நீரேற்றி, மாடியில் குழாயை இணைப்பார். அதன் பித்தளைப் பாகங்களுக்குப் பழைய இரும்புக் கடையில் விலை கிடைக்கும் என்பதால் திருட்டு நடக்கிறது. 2025 ஜூலையில் தோ பாயோவில் தீப்பிடித்தபோது அப்படிப் பாகங்கள் காணாமல்போயிருந்தது தெரியவந்தது. பெட்டி திறந்து கிடந்தாலோ பூட்டு உடைந்திருந்தாலோ படம் எடுத்து, புளோக் எண்ணும் மாடியும் குறித்து அன்றே நகர மன்றத்துக்கு அனுப்ப வேண்டும்.

பேசும்போது இன்னொரு குறிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்: படுக்கையில் இருப்பவர் எந்த வீட்டில். எல்லாரும் வெளியேற நேர்ந்தால் அவரைத் தூக்கி இறக்க ஆள் வேண்டும். 2023 செப்டம்பர் 26இல் அப்பர் புக்கிட் தீமா சாலையருகே 100 கிலோ எடையுள்ள போர்க்கால வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ய 4,000க்கு மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அன்று முன்னறிவிப்பு இருந்தது. தீ முன்னறிவிப்புத் தராது.

தேர்தல் நேரத்தில் தீப்பிடித்தால் எல்லாம் சிக்கலாகும். வேட்பாளரின் பெயரில் அரிசியோ பற்றுச்சீட்டோ கொடுப்பது வாக்குக்காக வாக்காளரை உபசரிக்கும் தேர்தல் குற்றமாகலாம். பொருளுதவி முழுவதும் அறநிறுவனத்தின் வழியாகப் போகட்டும், வேட்பாளர் பேசவும் கேட்கவும் மட்டும் வரட்டும். கட்சிச் சட்டை வேண்டாம், படம் வேண்டவே வேண்டாம். வாக்களிப்புக்கு முந்தைய பிரசார ஓய்வு நாளில் எச்சரிக்கை இன்னும் கூடும். நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் பிரசாரத்தில் சேர முடியாது, அது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும். ஆனால் தண்ணீர்ப் புட்டி தூக்கவோ தமிழில் மொழிபெயர்க்கவோ யாருக்கும் தடையில்லை. இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு வாட்ஸ்அப் குழு வைப்பது அதனால்தான்.

வாக்கில்லாதவரிடம் வேட்பாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது தனிச் சோதனை. 2020 ஏப்ரல் 20இல் ஒரே நாளில் 1,426 பேருக்குக் கொவிட் உறுதியானது. பெரும்பாலோர் தங்குவிடுதிகளில் வசித்த வெளிநாட்டு ஊழியர்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் ஏராளம், ஒருவருக்கும் இங்கே வாக்கு இல்லை. கடப்பிதழ் எரிந்துபோன இல்லப் பணிப்பெண்ணுக்கும் வாக்கு இல்லை. பதிவேட்டில் ‘குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை’ எழுதும்போது அவளை விட்டுவிட்டு எண்ணுவது இன்னும் நடக்கிறது. அவளையும் சேர்த்துக் கேட்டு, எந்தத் தூதரகம் என்று குறித்துக்கொள்ளும் வேட்பாளருக்காக மழையிலும் சுவரொட்டி கட்டலாம்.

வேட்பாளர் தோற்றுப்போகவும் கூடும். வாக்கெண்ணிய மறுநாள் காலையில் பதிவேட்டை எடுத்து, முடியாத வீடுகளை வண்ணப் பேனாவால் குறிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டையும் அழைத்து, இனி யாரைப் பார்ப்பது என்று சொல்லி, அவர்கள் சம்மதித்தால் குடும்பச் சேவை நிலையத்துக்குக் கோப்பை மாற்றிக் கொடுக்க வேண்டும். தீப்பிடித்த இரவில் வாங்கிய தொலைபேசி எண்களைப் பிரசாரப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. கடைசிக் குடும்பம் வீடு திரும்பியதும், மாடிவாரித் தாள்களை அரவை இயந்திரத்தில் போட்டுவிடலாம். நாடாவையும் செருப்புப் பெட்டியையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.