பீவரும் வடிகாலும்: டே ஆற்றுப் படுகையில் சில பணி அனுபவங்கள்

ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் படுகையில் வேளாண் வடிகால் ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு, ஓடைகளின் குறுக்கே மரக்கிளைகளால் அணை கட்டும் பீவர் என்ற கொறிவிலங்கைப் பற்றி விவசாயிகள் தொடங்கும் பேச்சு எதுவானாலும் சற்று நேரத்தில் வடிகாலில் வந்து நிற்கும் என்பது பழகிப்போய்விட்டது. அவர்களுக்கு அந்த விலங்கின் மீதே பகை என்று நகரத்தில் சொல்லப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்ட்ராத்மோர் சமவெளியின் உருளைக்கிழங்கு வயல்கள் மண்ணுக்கடியில் புதைத்த குழாய்கள் வழியாக ஓடைகளுக்குள் வடிகின்றன. ஓடையின் குறுக்கே பீவர் முழங்கால் உயரத்துக்கு அணை எழுப்பினாலே குழாய்களின் வாய் மூழ்கி, மேலே ஒரு துளி நீர் தேங்காத வயலிலும் கிழங்கு அழுகிவிடும்.

மேற்கே நாப்டேல் காட்டில் 2009இல் நார்வே பீவர்கள் அரசின் அனுமதியோடு விடப்பட்டன. டே படுகையிலோ வேலியிட்ட வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவையும் யாரோ அனுமதியின்றி விட்டவையுமே பெருகின. “எங்களை யார் கேட்டார்கள்?” என்று விவசாயிகள் கேட்பதில் அணையைவிட இந்த மனக்குறைதான் அதிகம் என்பது என் கணிப்பு.

2019 மே 1 முதல் பீவர் பாதுகாக்கப்பட்ட இனம். இரண்டு வாரத்துக்கு மேல் நிலைத்த அணையைக் கலைக்கவும் உரிமம் வேண்டும் என்பதால், அதற்குள் அணையைக் கண்டுபிடித்துவிட, முன்பு ஓடைப் பக்கமே போகாதவர்கள்கூட இப்போது தவறாமல் கரையோரம் நடந்து பார்க்கிறார்கள். அந்த ஆண்டின் எஞ்சிய மாதங்களில் உரிமத்தின் பேரில் 87 பீவர்கள் கொல்லப்பட்டது பெரும் சர்ச்சையாயிற்று. உரிமம் வழங்கும் அரசு அமைப்பு அதற்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்று 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிடித்து வேறு படுகைகளில் விடுவதற்கும் அரசு அதே ஆண்டில் வழிவிட்டது. சுடுவதற்கு உரிமம் கேட்டு என்னை அழைத்தவர்களில் பலர், பிடிக்க ஆள் வருவார்கள் என்றதும் தயங்காமல் சம்மதித்தார்கள்.

அணையின் ஊடே குழாய் செருகி நீர்மட்டத்தைக் குறைக்கலாம் என்பது இயற்கை ஆர்வலர்கள் முதலில் சொல்லும் தீர்வு. மேட்டு நிலக் குளங்களில் அது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் வடிகால் வாய் ஓடைத்தரையை ஒட்டியிருக்கும் சமவெளியில், பீவர் வேறிடம் தேடாதபடி விட்டுவைக்க வேண்டிய நீரே வாயை மூழ்கடித்துவிடும். கூட்டங்களில் இதைச் சொல்லி நான் நல்ல பெயர் வாங்கியதில்லை.

நிலத்தின் உரிமையாளரும் உழுபவரும் வேறாக இருக்கும் இடங்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆலித் அருகே 2002இலேயே தாமாக பீவர்களை வரவழைத்து வளர்த்த எஸ்டேட் உண்டு. அதைப் போல் தம் நிலத்தில் என்ன நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் வசதி குத்தகைதாரருக்கு இல்லை. ஐலா ஆற்றின் வெள்ளக் கரைகளை பீவர் குடையும் இடங்களில், கரையைப் பின்னுக்குத் தள்ளி ஒரு பட்டை நிலத்தை ஆற்றுக்கே விட்டுவிடலாம் என்று நான் சொல்லும்போது உரிமையாளர் பெரும்பாலும் தலையசைப்பார். குத்தகைதாரரோ, அந்தப் பட்டைக்கும் குத்தகைப் பணம் கட்ட வேண்டுமா, இழப்பீடு தன் கைக்கு வருமா, குத்தகைக் காலம் முடியும்வரை வருமா என்று கேட்பார்.