கவுனி அரிசியும் பாலைவனமும்

கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பழைய செட்டியார் வீட்டில் எனக்கு வேலை. வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டணும், மதியம் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறி அனுப்பணும். போன மே மாதம் இங்கிலாந்திலிருந்து வயதான கணவன் மனைவி வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், கறுப்பரிசியில் செய்த இனிப்பான கவுனி அரிசியைக் கிண்ணங்களில் எடுத்து வைத்துவிட்டு, வளவு என்கிற நடுமுற்றத்துப் பக்கம் கையைக் காட்டி "டெஸர்ட் அங்கே இருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியவர் எட்டிப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது. "ஆமாம், பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

அப்புறம் அவரே பொறுமையாகச் சொன்னார். முன்பாதியை அழுத்தி 'டெ'ஸட் என்றால் பாலைவனம், பின்பாதியை அழுத்தி டி'ஸர்ட்' என்றால் சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு. இனிப்புக்கு எழுத்திலும் எஸ் ஒன்று கூடுதல். மூன்று வருஷமாக நான் வந்தவர்களுக்கெல்லாம் பாலைவனத்தைத்தான் பரிமாறியிருக்கிறேன்.

நான் படித்தது அரசுப் பள்ளியில், தமிழ் வழி. ஆங்கிலத் தேர்வில் ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவேன், ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் ஒரு மனுஷரிடம் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசியது கிடையாது. அதனால் இந்த வேலைக்கு வந்ததும், நமக்கு வராதது இலக்கணம்தான் என்று முடிவுகட்டி, காரைக்குடியில் ஒரு தடிமனான புத்தகம் வாங்கி ராத்திரி ராத்திரியாக டென்ஸ் மனப்பாடம் செய்தேன். டென்ஸ் தப்பு என்று இதுவரை ஒரு விருந்தாளியும் என்னை நிறுத்தியதில்லை. நிறுத்தியதெல்லாம் "ஹோட்டல்", "வெஜிடபிள்", "டெவலப்மென்ட்" போன்ற, எனக்கு நன்றாகத் தெரிந்ததாக நான் நினைத்திருந்த சொற்களில்.

பத்தாம் வகுப்புத் தமிழ் ஐயா நடத்திய மாத்திரைக் கணக்குதான் கடைசியில் கைகொடுத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்துவிட வேண்டும், யாரையும் பட்டினி போடக் கூடாது. ஆங்கிலம் அப்படி இல்லை. ஒரு சொல்லில் ஓர் அசைக்கு விருந்து வைத்துவிட்டு மற்றவற்றைப் பாதி விழுங்கிவிடும். 'பனானா'வில் நடு னாவுக்குத்தான் மரியாதை, முன்னும் பின்னும் இருப்பவை நம் குற்றியலுகரம் மாதிரி குறுகிப் போகும். 'வெஜிடபிள்' என்று நாம் நாலு அசையாகச் சொல்வதை அவர்கள் வெஜ்-ட-பல் என்று மூன்றில் முடித்துவிடுகிறார்கள். ஹோட்டலில் அழுத்தம் இரண்டாவது அசைக்கு, டெவலப்மென்டிலும் அப்படியே.

இதில் மோசம் என்னவென்றால் ஒரே குடும்பத்துச் சொற்களுக்குள்ளேயே அழுத்தம் இடம் மாறும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசை, படம் எடுப்பவரைச் சொன்னால் ஃபொ'டா'க்ரஃபர், 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் இன்னும் தள்ளி 'கிரா'வில். கேமராவோடு வருகிறவர்களிடம் தினமும் சொல்ல வேண்டிய சொல் இது. அகராதியில் உச்சரிப்புப் பகுதியைப் பாருங்கள், ஓர் அசைக்கு முன்னால் மேலே சின்னதாக ஒரு கோடு இருக்கும், அழுத்தம் அங்கே என்று அர்த்தம். இருபது வயது வரை அதை அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன்.

சொல்லின் கடைசியிலும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழ்ச் சொல் க், ட், ப் என்று வல்லின மெய்யில் முடியாது, அதனால் கப்பு, பேக்கு, பல்பு என்று ஓர் உகரத்தை ஒட்டிவிடுகிறோம். அது பரவாயில்லை, புரிந்துகொள்கிறார்கள். இறந்தகாலத்துக்கு வரும் 'எட்'தான் என்னைப் படுத்தியது. இந்த வீட்டுச் சுவர் பளபளவென்று இருப்பதற்குக் காரணம் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்த்தது. அதைச் சொல்லும்போது பாலிஷெட், கவரெட், பெயின்டெட் என்று எல்லாவற்றுக்கும் ஒரு 'எட்' போடுவேன். முதலாவது பாலிஷ்ட், இரண்டாவது கவர்ட், அதிலும் கடைசி எழுத்து மெத்தென்று. ட் சத்தத்தில் முடிகிற பெயின்ட் மாதிரிச் சொற்களுக்குத்தான் தனி அசையாக 'பெயின்டிட்'. அதே வாக்கியத்தில் எக் வைட்டை 'வைட் எக்' என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா, பழுப்பு முட்டை ஒத்து வராதா என்று அக்கறையாகக் கேட்டார்.

எழுத்தைப் பார்த்து வாசித்தால் இன்னொரு ஆபத்து. 1930-களில் நெல் விலை சரிந்ததும் பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை, நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்கு வந்தது என்ற கதையை எல்லாருக்கும் சொல்வேன். கடனுக்கு ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டி 'டெப்ட்' என்பேன், அவர்கள் காதில் ஆழம் என்ற அர்த்தத்தில் 'டெப்த்' என்று விழும். எவ்வளவு ஆழம் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அது வெறும் 'டெட்'. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது, லத்தீன் மூலச் சொல்லில் இருக்கிறதே என்று பின்னால் படித்தவர்கள் எழுத்தில் மட்டும் சொருகிவிட்டார்கள். ரெசீட்டில் இருக்கிற பி-யும் அதே கேஸ். வட்டிக்கடைக் கணக்கில் கூட இப்படி இல்லாததை எழுத மாட்டார்கள்.

சரி, இலக்கணத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'த' இரண்டும் தமிழில் இல்லை, அதனால் நமக்கு வராது என்பார்கள். பாதிதான் உண்மை. இந்த வீட்டு ஆச்சி ஒருநாள் "கடையில சாவி செய்யக் குடுத்துட்டு வா" என்றார்கள், சாயங்காலம் "சாவியை எங்க வச்சே?" என்றார்கள். காலையில் ஏதோ ஒரு சாவி. சாயங்காலம் ரெண்டு பேருக்கும் தெரிந்த அந்தச் சாவி. ஆங்கிலத்தில் முன்னது 'எ கீ', பின்னது 'த கீ'. உயிரில்லாத பொருள்களுக்கு நாம் ஐ உருபைப் போடுவதும் விடுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். தமிழில் ஐ வருமா என்று மனசுக்குள் கேட்டுப் பார்த்து 'த' போட ஆரம்பித்த பிறகு என் தப்பு பாதிக்கு மேல் குறைந்தது. எல்லா இடத்திலும் சரியாக வராது, ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயரிலெல்லாம் மனப்பாடம்தான்.

'ஐ ஆம் நோயிங்' நோய்க்கும் இதே வைத்தியம். தெரியும், பிடிக்கும், வேண்டும் என்கிறோம். தெரிந்துகொண்டிருக்கிறது, பிடித்துக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொல்வோமா? தமிழில் 'கொண்டிரு' ஒட்டாத இந்த வினைகளுக்கு ஆங்கிலத்திலும் 'இங்' ஒட்டாது.

சொல்வளத்துக்கு ரொம்ப மெனக்கெடவில்லை, வீடே கற்றுக் கொடுத்தது. தூணைக் காட்டி 'பர்மா டீக்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒருநாள் அகராதியைப் புரட்டினால், டீக் என்பது நம் பக்கத்துத் தேக்கு. போர்ச்சுக்கீசியர்கள் தூக்கிக்கொண்டு போய் அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. மரம் பர்மாவிலிருந்து வந்தது, பெயர் இங்கிருந்து போனது. சுருட்டு செரூட் ஆனதும் மிளகுத்தண்ணி மல்லிகடானி ஆனதும் அப்படித்தான். மல்லிகடானி என்று முதல் தடவை கேட்டபோது ஏதோ இத்தாலிச் சாப்பாடு என்று நினைத்தேன். ஆச்சியிடம் சொன்னேன். "நாம மட்டும் யோக்கியமா? பர்மாக்காரன் அவன் பாஷையில என்னமோ சொன்னதைத்தானே நாம கவுனி ஆக்கிவச்சிருக்கோம்" என்றார்கள்.

இன்னும் பிடிபடாமல் இருப்பது ஒன்றே ஒன்று. நமக்கு ஒரே வ, அவர்களுக்கு இரண்டு. ஒன்றுக்கு மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும், இன்னொன்றுக்குப் பல்லே படாமல் உதட்டைக் குவிக்க வேண்டும். மேற்குத் திசையும் உள்ளே போடும் பனியனும் அந்த ஒரு வ-வில்தான் வேறுபடும், இங்கே எழுதிக் காட்டவும் வழியில்லை, தமிழில் இரண்டும் வெஸ்ட்தான். ஆள் வருவதற்கு முன்னால் பட்டாலை என்கிற கூடத்தில் இருக்கிற பெல்ஜியம் கண்ணாடி முன் நின்று பழகுகிறேன். நேற்று ஆச்சி பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"யாருக்கு ஆத்தா முத்தம் குடுக்குறே?" என்றார்கள்.