பனியைக் காணாமலே பனிக் கேள்விக்கு விடை எழுதியது

புகைப்படப் பயிற்சிநெறியின் எழுத்துப் பரீட்சையில் என்னை முதல் தடவை கவிழ்த்தது ஒரு கேள்வி. வெயிலடிக்கும் பனித்தரையில் நிற்கும் ஒருவரைப் படமெடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது கமராவுக்குள் விடும் ஒளியின் அளவைக், கூட்டுவீர்களா, குறைப்பீர்களா, காரணம் என்ன? வெளிச்சம் கூடின இடம், குறைக்கத்தானே வேண்டும் என்று குறைப்பேன் என்று எழுதிவிட்டு வந்தேன். வன்னியில் பிறந்தவனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் நெற்பயிரில் கிடக்கும் ஈரம்தான். வேறென்ன தெரியும்?

கூட்ட வேண்டும். கமராவில் ஒளியை அளக்கும் மீற்றருக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. எதைக் காட்டினாலும் சுமார் 18 வீத ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு நடுத்தரச் சாம்பலாக எடுத்துத் தரத்தான் பார்க்கும். புதிதாக விழுந்த பனியோ 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அதையும் சாம்பலாக்கப் போனால் ஒளியை இரண்டு ஸ்டொப் அளவுக்கு வெட்ட வேண்டிவரும் (ஒரு ஸ்டொப் குறைத்தால் ஒளி பாதியாகும்). பனி அழுக்காகும், ஆள் கரிக்கட்டையாவார். கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பும் படங்களில் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று அப்புறம்தான் விளங்கியது.

விளங்கினால் போதாது, செயன்முறையிலும் காட்ட வேண்டுமே. எங்கள் சேர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “பனிக்கு எங்க போறது? ஆனையிறவுக்குப் போ.”

ஆனையிறவு உப்பளத்தில் உப்புக் குவியலுக்கு முன்னால் ஒரு அக்காவை நிற்கச் சொல்லி எடுத்தேன். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 8. கமரா தானாகத் தெரிவு செய்த சட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/1000 செக்கன். திரையைக் காட்டினேன். “தம்பி, உப்புத் தெரியுது, நான் எங்க?” என்றார். மீற்றர் சொன்ன அளவைக் கூட்டிக் குறைக்கும் காம்பென்சேஷனைக் கூட்டல் 1⅔ ஸ்டொப் ஆக்கினேன். சட்டர் 1/320க்கு இறங்கியது. இப்போது தொப்பி விளிம்புக்குக் கீழே கண்ணும் தெரிந்தது. அதற்கு உப்பும் ஒரு காரணம். தரையிலிருந்து மேல்நோக்கி ஒளியை எறிவதால் தாடைக்கடியில் நிழல் கறுக்காது. பனியும் அப்படித்தான், பல நேரம் பிளாஷே தேவைப்படாது.

ஆசையில் கூட்டல் 3 வரைக்கும் போனேன். குவியலில் கல் கல்லாகத் தெரிந்த உப்பு வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டது. வெயிலில் திரையை நம்பாதீர்கள், எல்லாமே இருட்டாகத்தான் தெரியும். சாரத்தைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது. மேடு வலப்பக்கம் சாய்ந்திருக்கலாம், சுவரில் முட்டி நிற்கக் கூடாது. மாதிரிப் படங்களைக் கையளிக்கும்போது ஹிஸ்டோகிராமையும் சேர்த்துக் கொடுத்தேன். நல்ல புள்ளி வந்தது.

பலர் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு, நானும் விழுந்தேன். ஸ்பொட் மீற்றரிங்கில், அதாவது ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் முறையில், முகத்தை மட்டும் அளந்தால் மேலே சொன்ன கூட்டல் கணக்கு பொருந்தாது. நம்மில் பலரின் மாநிறம் அந்தச் சாம்பலுக்குக் கிட்ட நிற்பதால் அளவு ஏறக்குறைய அப்படியே சரிவரும். அதற்கு மேலும் 1⅔ கூட்டினால் முகம் வெளிறிப்போகும். விடையில் எதை வைத்து அளந்தீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள், கூட்டலைப் பிறகு எழுதுங்கள்.

படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வைட் பலன்ஸ் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். பனியில் விழும் நிழல் நீலமாவது வானத்தின் நிறத்தால். வெளிச்சத்தைக் கூட்ட, கைபேசியில் எடுப்பவர் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

இரண்டாம் தடவை வாய்மொழியில் பரீட்சகர் பனியைக் கேட்கவேயில்லை. “படச்சட்டம் முழுக்கக் கரிய எருமை நிக்குது. என்ன செய்வீர்?” என்றார்.

“குறைப்பன் சேர்.”

“ஏன்?”

“விட்டா அதையும் சாம்பலாக்கிப்போடும்.”

அடுத்தவரைக் கூப்பிட்டார்.