பச்சைக் குழந்தையின் தண்டுவட நீர் ரிப்போர்ட்: எங்கள் அனுபவம்

கோத்தகிரியில் மார்கழி மாதம் பிறந்த குழந்தைக்குக் கை கால் சில்லென்று இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "இந்த ஊர்ப் பனிக்கு அப்படித்தான் இருக்கும், இன்னொரு துணி சுத்துங்க" என்றார் அத்தை. ஆனால் கம்பளிக்குள்ளேயே வயிறும் சில்லிட்டிருந்தது. பால் குடிப்பது குறைந்து, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தாள். பக்கத்து மருத்துவமனையில் பார்த்தபோது 35.6 டிகிரி செல்சியஸ். 36.5-க்குக் கீழே போகக் கூடாதாம். பெரியவர்களுக்குத் தொற்று என்றால் காய்ச்சல் அடிக்கும். பிறந்த குழந்தைக்கு உடம்புச் சூடு குறைவதும் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். மூளைக்காய்ச்சல் என்றதும் நாம் நினைக்கும் கழுத்து விறைப்பு இந்த வயதில் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரை முதுகில் ஊசி போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அங்கேயே ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) எடுத்துவிட்டு, முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போட்டு, 108-இல் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு அனுப்பினார்கள். அந்தச் சீட்டில் ரத்தம் எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம் இரண்டும் எழுதியிருந்தன. அவை எவ்வளவு பெரிய உதவி என்பது அப்புறம்தான் புரிந்தது.

கோவையில் முதுகில் நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்டபோது என் மனைவி தயங்கினாள். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்று எங்கள் பக்கம் பலர் சொல்வார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்கும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். சரி என்றோம். எடுத்த நீரை என் கையிலேயே கொடுத்து, "உடனே லேபுக்குக் கொண்டு போங்க, வழியில எங்கயும் வைக்காதீங்க" என்றார்கள். நேரமாக ஆக அதிலுள்ள செல்கள் சிதைந்து எண்ணிக்கை குறைந்துவிடும்; குளுக்கோஸும் இறங்கும். ரிப்போர்ட்டே பொய்யாகிவிடும்.

வந்த தாளைப் பார்த்து ஆடிப்போய்விட்டோம். வெள்ளணு 16, புரதம் 96 மில்லிகிராம், இரண்டுக்கும் பக்கத்தில் 'அதிகம்' என்ற குறி. வெள்ளணு 5 வரை, புரதம் 45 வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருந்தது. இரவுப் பணியில் இருந்த டாக்டர் அந்தப் பத்தியை விரலால் மறைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். அது பெரியவர்களுக்கான அளவு. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்தில் வெள்ளணு கிட்டத்தட்ட 20 வரையும், புரதம் 100-ஐ ஒட்டியும் இருப்பது இயல்புதான். குறைமாதக் குழந்தைக்குப் புரதம் இன்னும் கூடுதலாக இருக்கும். பிறந்த குழந்தைகள் வார்டிலிருந்து போகும் மாதிரிக்கும் பெரியவர்களின் அளவையே அச்சடித்துத் தரும் லேப் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு.

குளுக்கோஸ் 48. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, அதே நேரத்து ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட வேண்டும் என்றார். அது 76. பாதிக்கு மேல் இருந்ததால் கவலை குறைந்தது. சிவப்பணுவும் கொஞ்சம் இருந்தது, ஊசி ஒரு சிறு ரத்தக்குழாயில் உரசியிருக்கலாம். சிவப்பணுவை வைத்து, ரத்தத்தோடு கலந்து வந்த வெள்ளணுவைக் கழித்துப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டாம். குழந்தைகளிடம் அதை நம்பி முடிவெடுப்பதில்லை என்று சொன்னார்.

எனக்கு இருந்த பெரிய கேள்வி வேறு. ஆன்டிபயாடிக் முதலிலேயே போட்டாயிற்றே, கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டால் நம்பலாமா? நம்ப முடியாதுதான், சில மணி நேரத்திலேயே கிருமி வளராமல் போகலாம். ஆனால் திருடன் ஓடினாலும் காலடித் தடம் இருக்கும் என்பதுபோல, வெள்ளணு அவ்வளவு சீக்கிரம் குறைந்துவிடாது என்றார். 16 என்பது ஆறுதல். முழு நிச்சயம் இல்லை, ஏனென்றால் அரிதாகச் செல் எண்ணிக்கை இயல்பாக இருந்தும் மூளைக்காய்ச்சல் இருந்ததுண்டு. அதேபோல ரத்தக் கல்ச்சர் சுத்தமாக வந்தாலும் தண்டுவட நீரில் கிருமி இருக்கலாம். எந்த ஒரு எண்ணும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. ஊசி போட்ட நேரம், குழந்தை பால் குடிக்கும் விதம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு.

பக்கத்துப் படுக்கையில் கூடலூர்க் குழந்தை. அதற்கு வெள்ளணு நூற்றுக்கணக்கில், குளுக்கோஸ் மிகக் குறைவு, மைக்ராஸ்கோப் ஸ்லைடிலேயே கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியா தெரிந்துவிட்டது. அப்படியானால் குறைந்தது 21 நாள் ஆன்டிபயாடிக் ஊசி என்று அந்தத் தாயிடம் சொன்னார்கள். அவர் என்னிடம் எங்கள் எண்களைக் கேட்டபோது சொல்லவே சங்கடமாக இருந்தது.

கோத்தகிரியில் ஊசிக்கு முன்பு எடுத்த ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று போனில் சொன்னார்கள். தண்டுவட நீரிலும் வளரவில்லை. அதற்குள் அவள் பசிக்கு அழத் தொடங்கியிருந்தாள், எடையும் ஏறியது. மருந்தை நிறுத்தி ஒரு நாள் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் காதைப் பாதிக்கலாம், அதைக் கொடுத்ததால் காது கேட்கும் பரிசோதனையும் செய்தார்கள். அதில் குறை இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் தண்டுவட நீரின் எல்லா எண்களையும், முதல் டோஸுக்கும் நீர் எடுத்ததற்கும் இடையிலான நேரத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள்.