'இருக்கலாம்'னு ஒரு லேபிள் இல்லை

மொத்தமே நாலு வரிதான் பேசினோம். அரை நிமிடம் ஆகியிருக்கும்.

"அண்ணா, இது மண்வெட்டியாக்கூட இருக்கலாம்ல?"

"இருக்கலாம்னு ஒரு லேபிள் இல்லம்மா."

"அப்போ 'தெளிவில்லை'ல போடவா?"

"வேணாம். ஆயுதம்னே போட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

படத்தில் எது என்ன என்று கணினி நிரலுக்கு (மாடல் என்போம்) கற்றுக்கொடுக்க, வீடியோவின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கட்டம் போட்டு லேபிள் ஒட்டுவது எங்கள் வேலை, அவள் என் டீமில் இருந்தாள். அவள் போட்டுவிட்டு அடுத்த ஃப்ரேமுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அது போகமாட்டேன் என்கிறது.

தெர்மல் படம், மேலேயிருந்து சாய்வாக எடுத்தது, சூடு வெள்ளையாகவும் குளிர்ச்சி கறுப்பாகவும் தெரியும். அந்த ஆள் தலையிலிருந்து கால்வரை 14 பிக்சல். கையில் நீளமாக ஏதோ ஒன்று, அதன் அகலம் ஒன்று அல்லது ஒன்றரை பிக்சல். சுடாத துப்பாக்கி சுற்றுப்புறத்தின் சூட்டில்தான் இருக்கும், மண்வெட்டிக் காம்பும் அப்படித்தான், அதனால் தெர்மலில் அந்த வித்தியாசத்தைத் தேடிப் பயனில்லை. முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தோம். ஆறேழு ஃப்ரேமில் அவர் திரும்பிக்கொள்கிறார், அந்தக் கோடு உடம்போடு கலந்து மறைந்துவிடுகிறது. அவ்வளவுதான் கையில் இருந்த சாட்சியம்.

இன்னொரு பக்கம் 'தெளிவில்லை' நூற்றுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது என்று விதி. தாண்டினால் பேட்ச், அதாவது சேர்த்துக் கொடுத்த ஃப்ரேம் கட்டு, முழுக்கத் திரும்பி வரும், ரீவொர்க்குக்குத் தனியாகப் பணம் கிடையாது. அன்றைக்கு நாங்கள் ஏற்கெனவே அந்த எல்லையில்தான் நின்றுகொண்டிருந்தோம். இதை என் தரப்பு நியாயமாகச் சொல்கிறேனா, காரணமாகச் சொல்கிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

வேலை எதற்காக என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காகிதத்தில் 'சுற்றுச்சுவர் கண்காணிப்பு' என்று இருந்தது. லேபிள் பட்டியலில் ஆள், ஆயுதத்துடன் ஆள், சக்கர வாகனம், சங்கிலிச் சக்கர வாகனம், தெளிவில்லை. சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதிக்க எந்தத் திருடன் டாங்கியில் வருவான்? எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது. தெரியாது என்று வைத்துக்கொள்வது வசதி, அதனால் அப்படியே வைத்துக்கொண்டோம். ட்ரோன் வீடியோக்களைக் கணினியை வைத்துச் சலிப்பதற்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2017ல் தொடங்கிய மேவன் திட்டத்தில் கூகுள் சேர்ந்ததும், 2018ல் அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டதும், நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்ததும் நாங்கள் எல்லோரும் படித்த செய்திதான். படித்தபோது அது மாடல் எழுதுகிறவர்களின் பிரச்சினையாகத் தெரிந்தது. கட்டம் போடுகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட முதல் சமாதானம், இது பல்லாயிரம் ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது. லேபிளில் பிழை இல்லாத டேட்டா எங்கேயும் கிடையாது, இங்கே ஒரு தப்பு அங்கே ஒரு தப்பு என்று சிதறிக் கிடந்தால் மாடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், இது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் தப்பு சிதறிக் கிடக்க வேண்டும். நான் அன்று சாயங்காலமே டீம் குரூப்பில் ஒரு வரி போட்டேன்: "கையில நீளமா இருந்து சந்தேகம்னா ஆயுதம்னு போடுங்க." பன்னிரண்டு பேர் தம்ஸ்அப் போட்டார்கள். அதற்கப்புறம் தப்பெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. ஒரே பக்கம் சாய்ந்த தப்பை மாடல் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, பாடமாக எடுத்துக்கொள்கிறது. பிறகு எங்கோ ஒரு திரையில் ஒரு மனிதனைச் சுற்றிக் கட்டம் விழும், பக்கத்தில் 0.93 என்று நம்பிக்கை மதிப்பெண் வரும். பார்க்கிறவருக்கு அது கணக்கு. அந்தக் கணக்குக்கு அடியில் ஒரு பெண் 'மண்வெட்டியாக்கூட இருக்கலாம்ல' என்று கேட்டது எங்கேயும் பதிவாகவில்லை. அந்தச் சந்தேகம் இருந்த கடைசி இடம் அவள் மேசை. அங்கேயே நான் அதை முடித்துவைத்தேன்.

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது எல்லாம் பிறகுதான். 1958லேயே ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஒரு அளவுகோல் கொடுத்திருக்கிறார். இன்றைய பிக்சல் கணக்கில் சொன்னால், ஒரு பொருளின் குறுக்களவில் இரண்டு பிக்சல் விழுந்தால் ஏதோ இருக்கிறது என்று தெரியும், எட்டு விழுந்தால் என்ன வகை என்று தெரியும், பதிமூன்று விழுந்தால்தான் அந்த வகையில் இது எது என்று அடையாளம் சொல்லலாம். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புக்கு. எங்கள் ஆளின் கையில் இருந்தது ஒன்றரை பிக்சல். அதாவது அந்தப் படத்திடம் கேட்கவே கூடாத கேள்வியை நாங்கள் கேட்டு, பதிலும் எழுதி, அதற்கு மார்க்கும் போட்டிருக்கிறோம்.

இரண்டாவது சமாதானம் கொஞ்சம் கனமானது. ஆயுதம் வைத்திருப்பவனைச் சும்மா ஆள் என்று விட்டால் இந்தப் பக்கம் யாரோ சாவார்கள், அவர்களுக்கும் வீடு இருக்கிறது. தவறவிடக் கூடாது, கூடுதலாகப் பிடித்தால் பரவாயில்லை என்றுதான் வாடிக்கையாளரும் கேட்டார். எப்படியும் கடைசியில் ஒரு மனிதன் பார்த்துத்தானே முடிவெடுப்பான்?

இந்தக் கடைசி வரியைத்தான் ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் நழுவிவிட்டது. 1988 ஜூலை 3ஆம் தேதி பாரசீக வளைகுடாவில் வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது, 290 பேரும் இறந்தார்கள். கப்பலின் ஏஜிஸ் என்ற ரேடார், ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்பு விமானம் மேலே ஏறுவதைச் சரியாகத்தான் பதிவு செய்திருந்தது. பார்த்தவர்கள்தான் போர்விமானம் இறங்கி வருகிறது என்று சொன்னார்கள். மனிதன் பார்த்தால் போதும் என்பதற்கு இதுதான் பதில் என்றால், 2003 மார்ச் 23 வேறு மாதிரி. குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னேடோ விமானத்தை, சொந்தக் கூட்டணியின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, ரேடாரைத் தேடி வரும் எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்தியது, சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானத்தில் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். பிரிட்டன் நடத்திய விசாரணை சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த வகைக்கு வைத்திருந்த வரையறை ரொம்ப அகலமாக இருந்தது என்பது. அந்த வரியைப் படித்தபோது எங்கள் கைட்லைன் ஃபைல்தான் ஞாபகம் வந்தது. அந்த வரையறையையும் யாரோ ஒருத்தர் ஒரு மேசையில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார், அவருக்கும் ஒரு கெடு இருந்திருக்கும்.

உக்ரைன் போரில் இப்போது நடப்பது இன்னும் சங்கடம். எதிரி ரேடியோ அலையைக் குழப்பினால் ட்ரோனுக்கும் ஓட்டுகிறவருக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் இலக்கை நெருங்கித் தாழ்வாக இறங்கும் கடைசிக் கட்டத்தில். அதற்கு ஒரு பதிலாகக் கண்ணாடி இழைக் கம்பியைச் சுருள் சுருளாக இழுத்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. இன்னொரு பதில், இலக்கை முதலிலேயே பூட்டிவிட்டு மீதித் தூரத்தை ட்ரோனே பார்த்துக்கொள்ளட்டும் என்பது. எங்கள் வேலை அந்த மாதிரி ஒன்றுக்குப் போனதா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நிஜமாகவே ஏதோ ஒரு கிடங்குச் சுவரைத்தான் காவல் காக்கிறதோ என்னவோ. அப்படி நினைக்கும்போது ஒரு நிம்மதி வருகிறது, கூடவே எரிச்சலும் வருகிறது.

ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977ல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையில் 50ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவர் போராளியா குடிமகனா என்று சந்தேகம் வந்தால் குடிமகனாகவே கருத வேண்டும் என்கிறது. நான் குரூப்பில் போட்ட வரியைக் கண்ணாடியில் காட்டியது போல இருந்தது. உடனே எனக்குள் இருக்கிற வக்கீல் எழுந்து நின்றான்: அது தாக்குகிறவருக்கான சட்டம், லேபிள் போடுகிறவருக்கு இல்லை, துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லோரும் போராளியும் இல்லை, 'ஆயுதத்துடன் ஆள்' என்பது வர்ணனைதான், தீர்ப்பு இல்லை. வாதம் சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் வர்ணனைதான் என்றால், தெரியாததைத் தெரியாது என்று வர்ணிக்க வந்தவளை ஏன் தடுத்தேன்?

'கையில் நீளமான பொருள், என்னவென்று தெரியவில்லை' என்று ஆறாவதாக ஒரு லேபிள் சேர்க்கலாம் என்று ஒரு மெயில் அடித்தேன். டிராஃப்டில் இருந்தது. பட்டியலை மாற்றினால் பழைய பேட்ச் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும், அந்தச் செலவு யார் தலையில் என்ற கேள்வி வரும், அப்புறம் அனுப்பலாம் என்று விட்டேன். பிராஜெக்ட் முடிந்து அந்த மெயில் ஐடியே போய்விட்டது. அனுப்பியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்களா என்று கேட்டால், மாட்டார்கள் என்றுதான் சொல்வேன். அனுப்பாதவன் அப்படிச் சொல்வதற்கு என்ன மதிப்பு என்பது வேறு விஷயம்.

போன மாதம் அவளிடம் போனில் பேச வேண்டி வந்தது, வேறு ஒரு காரியமாக. அவள் வேலை மாறி ரொம்ப நாள் ஆகிறது, இப்போது எக்ஸ்ரே படங்களுக்கு லேபிள் போடும் டீமைப் பார்த்துக்கொள்கிறாள். பேச்சோடு பேச்சாக அந்த மண்வெட்டியைக் கேட்டேன். அவளுக்கு ஞாபகமே இல்லை. எந்த பேட்ச், எந்த ஃப்ரேம் என்று நான் விவரிக்க விவரிக்க, ம், ம் என்று மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அது தெரியலண்ணா. ஆனா அப்போ நீங்க குரூப்ல ஒரு ரூல் போட்டீங்கல்ல, அதுக்கப்புறம்தான் என் ஆக்யுரசி தொண்ணூத்தெட்டுக்குப் போச்சு" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

ஆக்யுரசி பார்க்க வைத்திருந்த கோல்டு செட்டில் சரியான விடைகளைப் போட்டவன் நான்.